இலவசச் சேவைதானே என்று வழிகாட்டித் திட்டம் தொடங்குகிறவர்களுக்கு

மார்ச் 8 நெருங்கினால் எனக்கு அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். "மேடம், வேலைக்குப் போகும் பெண்களுக்கு மூத்தவர்கள் வழிகாட்டும் மென்டரிங் திட்டம் தொடங்குகிறோம். வழிகாட்டிகள் சேர்ந்துவிட்டார்கள், பதிவும் குவிகிறது. தொடக்க விழாவில் நீங்கள் பேச வேண்டும்." யார் நடத்தப் போகிறீர்கள் என்று கேட்பேன். "எல்லாரும் சேர்ந்துதான், மேடம்." மனிதவளத் துறையில் இத்தனை வருடம் இருந்தவளுக்கு இதன் பொருள் தெரியும். யாரும் நடத்தப் போவதில்லை.

அண்மையில் சந்தித்த ஒரு பெண்தான் இதை எழுத வைத்தார். வாகன உதிரிபாக நிறுவனம் ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர். மகப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய சமயத்தில் இப்படியொரு திட்டத்தில் சேர்ந்தார். முதல் இரண்டு சந்திப்புகள் நன்றாகவே நடந்தன. மூன்றாவது தள்ளிப்போனது. அதன் பிறகு தன் வழிகாட்டிக்கு அவர் அனுப்பிய செய்திகளை என்னிடம் காட்டினார். "மேடம், உங்களுக்கு வசதியான நாள் சொல்லுங்கள்." "அவசரமில்லை, மேடம்." "தமிழ்ப் புத்தாண்டு வாழ்த்துகள், மேடம்." எல்லாவற்றுக்கும் இரண்டு நீல டிக். பதில் ஒன்றுகூட இல்லை. "நான் ஏதாவது தப்பாகக் கேட்டுவிட்டேனா?" என்று என்னிடம் கேட்டார். அமைப்பாளர்களிடம் சொன்னீர்களா என்றேன். "சம்பளம் வாங்காமல் செய்கிறவரைப் பற்றி எப்படி மேடம் புகார் சொல்வது?"

இதே கதையை வேறு வேறு பெண்கள் சொல்லிக் கேட்டுச் சலித்துவிட்டேன். அமைப்பாளர்களைக் கேட்டால் அவர்களும் அதே பல்லவியைத்தான் பாடுகிறார்கள்: "அவரே நேரம் ஒதுக்கி வருகிறார். அவரிடம் போய் விதிமுறை பேசுவதா?"

பேசத்தான் வேண்டும். காசு கொடுத்துப் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தால் அந்தப் பொறியாளர் இரண்டாவது வாரமே தொலைபேசியில் பிடித்து உலுக்கியிருப்பார். இலவசம் என்பதால் வாய் திறக்கவில்லை. பெறுகிறவர் கடன்பட்டவராக உணர்கிறார். கடன்பட்டவர் குறை சொல்வதில்லை. குறை சொல்ல ஆளில்லாத இடத்தில்தான் விதிகள் கூடுதலாகத் தேவை. இரத்த தானமும் இலவசம்தான். அதற்காக ஹீமோகுளோபின் பார்க்காமல் யாராவது ஊசி குத்துகிறார்களா?

விதி என்றதும் வழிகாட்டிகள் கோபித்துக்கொள்வார்கள் என்று பயப்படுகிறீர்கள். உண்மையில் அவர்களையும் காப்பாற்றுவது அதுதான். எல்லை சொல்லித் தராத திட்டத்தில் இரவு பதினொரு மணிக்கு அழைப்பு வரும். தம்பியின் பயோடேட்டா வரும். உங்கள் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுங்கள் என்ற வேண்டுகோள் வரும். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்பட்டு வழிகாட்டி மௌனமாகிவிடுவார். பதில் போடாதவர்களில் திமிர் பிடித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வெளியேற வழி தெரியாதவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே தொடங்கும்போதே ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள். ஆறு மாதம், மாதம் இரண்டு முறை, ஒரு மணி நேரம், முடியும் தேதி. யார் வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம், ஆனால் ஒருங்கிணைப்பாளரிடம் தெரிவித்துவிட்டுத்தான் விலக வேண்டும். முதல் மாத முடிவில் ஒருங்கிணைப்பாளர் இரு தரப்பையும் தனித்தனியாக அழைத்துப் பேச வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் "எல்லாரும் நலமா?" என்று கேட்டுக் கைகூப்பும் படங்களை எண்ணுவது கண்காணிப்பு ஆகாது. ஒருங்கிணைப்பாளர்கள் குறைந்தது இருவர் வேண்டும். ஒருவர் மட்டும் என்றால், அவர் வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போகும் நாளில் திட்டமும் படுத்துவிடும்.

பொருத்துவதிலும் கவனம் வேண்டும். ஒரே நிறுவனத்தில் நேரடி மேலதிகாரியாக இருப்பவரைத் தயவுசெய்து வழிகாட்டியாகப் போடாதீர்கள். ஆண்டு மதிப்பீடு எழுதப் போகிறவரிடம் எந்தப் பெண் மனம் திறப்பாள்? காப்பீடு விற்கிறவர், பயிற்சி வகுப்புக்கு ஆள் பிடிக்கிறவர் நல்ல முகத்தோடுதான் வருவார்கள், படிவத்திலேயே கேட்டுவிடுங்கள். பெயர், கைபேசி எண், சம்பளம், "விலக நினைக்கும் காரணம்" எல்லாம் இருக்கும் எக்செல் கோப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்ட அமைப்பும் எனக்குத் தெரியும். அதைப் பற்றி எழுதினால் இரத்த அழுத்தம் ஏறும், விடுகிறேன்.

ஒன்றை மட்டும் விட முடியாது. நம்பி வந்த பெண், அலுவலகத்தில் ஒருவர் தொல்லை தருகிறார் என்று வழிகாட்டியிடம் சொல்கிறாள். வழிகாட்டி நல்லெண்ணத்தோடு "கொஞ்சம் பொறுத்துப் பார், அப்ரைசல் முடியட்டும்" என்கிறார். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும். தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. தகுந்த காரணம் இருந்தால் புகாரை விசாரிக்கும் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம், அவ்வளவுதான். "பொறுத்துப் பார்" என்ற வார்த்தை அந்தக் கெடுவைத் தின்றுவிடும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்றால் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய இடம், அல்லது புகாரே முதலாளி மீது என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழு. வழிகாட்டி விசாரிக்க வேண்டாம், தீர்ப்பும் சொல்ல வேண்டாம். எங்கே போக வேண்டும் என்று அன்றைக்கே சொல்லத் தெரிந்தால் போதும். முதல் நாள் அறிமுக வகுப்பில் பாதி நேரத்தை இதற்கே ஒதுக்குங்கள்.

வழிகாட்டிகளாக வரும் மூத்த அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள். மேலாண்மைப் பேராசிரியர் ஹெர்மினியா இபாராவும் இன்னும் இருவரும் 2010இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதியதை எங்கள் துறையில் பலரும் படித்திருப்பார்கள்: பெண்களுக்கு வழிகாட்டிகளுக்குப் பஞ்சமில்லை, ஆனாலும் பதவி உயர்வு ஆண்களுக்கே அதிகம் போகிறது, முடிவெடுக்கும் மேசையில் பெண்களுக்காகப் பேச ஆளில்லை. வேலை வாங்கித் தருவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். ஆனால் ஆறு மாதம் பேசிப் பழகிய பெண்ணின் திறமையில் உங்களுக்கு நம்பிக்கை வந்திருந்தால், கடைசிச் சந்திப்பில் இன்னொரு அறிவுரைக்குப் பதிலாக ஓர் அறிமுக மின்னஞ்சல் எழுதுங்கள், அவரையும் அதில் சேர்த்து. "நான் சொன்னேன் என்று போய்ச் சொல்" என்று அனுப்பிவைக்காதீர்கள். வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பவருக்கு உங்களைத் தெரியாது.