ரிப்போர்ட்டில் சாகும் கிருமி உடம்பில் ஏன் பிழைக்கிறது?

"இந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும்னுதானே டாக்டர் ரிப்போர்ட்ல போட்டிருக்கு? அப்புறம் ஏன் திரும்பத் திரும்ப வருது?" மூன்றாவது முறையாகச் சிறுநீர்த் தொற்று வந்த ஒரு அம்மா, கல்ச்சர் ரிப்போர்ட்டை (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்க்கும் பரிசோதனை) நீட்டியபடி கேட்டார். நியாயமான கேள்வி.

தொற்று திரும்பினாலே கிருமி மருந்தை எதிர்க்கப் பழகிவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். சில சமயம் அது உண்மைதான். சில சமயம் கிருமி எதையும் எதிர்ப்பதில்லை, வெறுமனே தூங்குகிறது.

பென்சிலினையே எடுத்துக்கொள்ளுங்கள். பாக்டீரியா வளரும்போது தன் செல்சுவரைக் கட்டும். அந்தக் கட்டுமானத்தைத்தான் பென்சிலின் குலைக்கிறது. வளர்ச்சியை நிறுத்திவிட்டுக் கிடக்கும் பாக்டீரியாவில் குலைப்பதற்கு எதுவும் இல்லை. 1944-இல் ஜோசப் பிக்கர் என்ற ஆய்வாளர் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமிகள்மேல் பென்சிலினைப் பிரயோகித்தபோது, ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒன்று பிழைத்தது. அதை மறுபடி வளர்த்தார். அதன் வாரிசுகள் பழையபடி பென்சிலினுக்கே செத்தன! கல்ச்சர் பரிசோதனை விழித்து வளரும் கிருமிகளைத்தான் காட்டும். தூங்குகிறவை அதில் தெரியாது.

காசநோயில் இது உயிர்ப் பிரச்சினை. வழக்கமான சிகிச்சை 6 மாதம்: முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், பிறகு குறைவான மருந்துகள். சில வாரங்களிலேயே காய்ச்சல் விட்டு, பசி எடுக்கும். "சரியாகிவிட்டது" என்று மாத்திரையை நிறுத்துகிறவர்களைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. வேகமாகப் பெருகுகிற கிருமிகள் முதலிலேயே பெரும்பாலும் செத்துவிடும். மீதி மாதங்கள், மந்தமாகக் கிடந்து அவ்வப்போது விழிக்கிறவற்றுக்காக. பைரசினமைடு என்ற மருந்தைச் சேர்ப்பதும் அமிலச் சூழலில் சோம்பிக் கிடக்கும் கிருமிகளை மனதில் வைத்துத்தான்.

இதைப் படித்துவிட்டு எல்லா ஆன்டிபயாட்டிக்கையும் மாதக்கணக்கில் சாப்பிட வேண்டாம். சாதாரண சிறுநீர்த் தொற்றுக்குச் சில நாட்கள் போதும். தேவைக்கு மேல் சாப்பிட்டால் மருந்தை உண்மையாகவே எதிர்க்கும் திறன்தான் கிருமிகளிடம் வளரும். திரும்ப வந்தால், மிச்சமிருக்கும் மாத்திரையைத் தேடாமல் கல்ச்சர் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கதீட்டரோ (சிறுநீர் வெளியேற உடலுக்குள் செருகும் குழாய்) செயற்கை மூட்டோ இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். அவற்றின்மேல் கிருமிகள் பிசுபிசுப்பான படலம் கட்டி வாழும். அதன் அடியில் தூங்குகிறவை அதிகம்.

அந்த அம்மாவுக்கு ஸ்கேன் எடுத்தோம். சிறுநீரகத்தில் ஒரு கல். கல்லுக்குள் பதுங்கும் கிருமிகளை மருந்து சரியாக எட்டாது. கல்லை அகற்றி, பழைய மருந்தையே கொடுத்தோம். அதற்குப் பிறகு தொற்று திரும்பவில்லை.