வாசிப்பு இடறும் இடத்தில் பென்சில்: நாவலில் குறிப்பெடுக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி?

"முக்கியமான இடங்களில் கோடு போட்டுக்கொண்டே படியுங்கள்" என்று சொல்லி ஒரு நாவலைக் கொடுத்தால், பெரும்பாலான மாணவர்கள் பாதிப் பக்கத்தை மஞ்சளாக்கிவிடுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. ஒரு நாவலில் எது முக்கியம் என்பது முடிவு வரை படித்தவருக்குத்தான் தெரியும். முதல் தடவை படிக்கிறவரிடம் அதைக் கேட்டால், அழகாகத் தெரிகிற வரிகளையெல்லாம் பிடித்துக்கொள்வார். அமெரிக்க உளவியலாளர் ஜான் டன்லாஸ்கியும் உடன் நால்வரும் 2013இல் பத்துப் படிப்பு உத்திகளை மதிப்பிட்டார்கள். அடிக்கோடிடுவது 'பயன் குறைவு' என்ற வரிசையில் வந்தது. "இது ஏன் இப்படி?" என்று கேட்டு விடை தேடுவதும், தனக்குத் தானே விளக்கிப் பார்ப்பதும் அதைவிட மேலே இருந்தன. புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து சொல்லிப் பார்ப்பது மிகுந்த பயன் தரும் உத்திகளில் ஒன்றாக வந்தது.

அப்படியானால் பென்சில் எங்கே நிற்க வேண்டும்? இதற்கு நல்ல வழிகாட்டி 1993இல் ஜேசன் ஆல்பிரெக்ட், எட்வர்ட் ஓ'பிரையன் இருவரும் நடத்திய ஆய்வு. மேரி என்ற பெண்ணைப் பற்றிய சிறு கதையைக் கணினித் திரையில் ஒவ்வொரு வாக்கியமாகப் படிக்கக் கொடுத்தார்கள். மேரி உடல்நலத்தில் கண்ணும் கருத்துமாக இருப்பவள், சுத்த சைவம் என்று தொடக்கத்தில் வரும். நடுவில் வேறு விஷயங்கள் சில வாக்கியங்களுக்கு ஓடும். பிறகு உணவகத்தில் மேரி சீஸ்பர்கர் கொண்டுவரச் சொல்வாள். அந்த வாக்கியத்தைப் படிக்க வாசகர்களுக்குக் கூடுதல் நேரம் பிடித்தது. கதை மாந்தரின் உருவம் ஒன்றை மனம் கட்டி வைத்திருக்கிறது, புதிதாக வரும் வாக்கியத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது, பொருந்தாவிட்டால் இடறுகிறது.

நொடியில் ஒரு சிறு பகுதிதான் அந்த இடறல். மாணவர் அதைக் கவனிக்காமலே தாண்டிப் போய்விடுவார். அந்த இடத்தில் அவரை நிறுத்திக் காட்டுவதுதான் குறிப்பெடுக்கக் கற்றுக்கொடுப்பது.

முதல் வாசிப்புக்கு ஒரு பென்சிலும் மூன்று குறிகளும் போதும். 'ஏன் இப்படிச் செய்தார்?' என்று தோன்றினால் ஓரத்தில் கேள்விக்குறி. முன்பு வந்த ஒரு பொருளோ சொல்லோ மறுபடி வந்தால் சிறு வட்டம். முன்பு படித்ததோடு முரண்பட்டால் பெருக்கல் குறி; நினைவிருந்தால் பக்கத்திலேயே பழைய பக்க எண். பக்கத்துக்கு இரண்டு குறிகளுக்கு மேல் வேண்டாம். வாக்கியமாக எதையும் இப்போது எழுதக் கூடாது. எழுதினால் கதையின் ஓட்டம் அறுந்துவிடும். அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு இரண்டு வரி எழுத வேண்டும்: இவருக்கு என்ன வேண்டியிருந்தது, எது குறுக்கே நின்றது? அதன் பிறகுதான் குறிகளுக்குத் திரும்பி, கனமான மூன்று நான்கை மட்டும் எடுத்து ஓரக்குறிப்பு எழுதுவது.

சார்லஸ் டிக்கன்ஸ் 1860–61இல் வாரத் தொடராக எழுதிய 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலின் 27ஆம் அத்தியாயத்தில் இதைச் செய்து பார்க்கலாம். கிராமத்துக் கொல்லர் ஜோ, தான் வளர்த்த மைத்துனன் பிப்பைப் பார்க்க லண்டன் வருகிறார். பிப் இப்போது கனவானாக வாழப் பழகிக்கொண்டிருக்கிறான். ஜோ தன் தொப்பியைக் கணப்பு மாடத்தின் விளிம்பில் வைக்கிறார். அது விழுந்துகொண்டே இருக்கிறது. வட்டம் போட வேண்டிய இடம் இது. பிப்பின் நண்பன் வெளியே போனதும், இருவரும் தனியாக இருக்கும்போது, ஜோ பிப்பை 'சார்' என்று அழைத்துப் பேச்சைத் தொடங்குகிறார். பிப் எரிந்து விழுகிறான். இங்கே கேள்விக்குறி: மூன்றாம் மனிதர் போன பிறகும் ஏன் இந்த மரியாதை?

வகுப்பில் பெரும்பாலும் வரும் குறிப்பு, 'ஜோ நாகரிகம் தெரியாதவர்' என்பதுதான். இந்தச் சறுக்கல் எங்கிருந்து வருகிறது என்று ஆசிரியர் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 1967இல் எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் இருவரும் ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதிய கட்டுரைகளைப் படிக்கக் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் எழுதுவது என்பதை எழுதியவர் தேர்ந்தெடுக்கவில்லை, அது அவருக்குக் கொடுக்கப்பட்டது என்று சொன்ன பிறகும், கட்டுரையில் இருப்பதுதான் அவருடைய சொந்தக் கருத்து என்று நினைக்கும் போக்கு வாசகர்களிடம் இருந்தது. செயலைப் பார்த்தவுடன் சூழலை மறந்து குணத்துக்குத் தாவுவது மனித மனத்தின் பழக்கம். கதை மாந்தரிடமும் அதையே செய்கிறோம். ஜோ தடுமாறியதற்குத் தன் நடத்தைதான் காரணம், தான் இயல்பாக இருந்திருந்தால் அவரும் இயல்பாக இருந்திருப்பார் என்று, பின்னாளில் கதை சொல்லும் பிப்பே அந்த அத்தியாயத்தில் ஒப்புக்கொள்கிறான். மஞ்சள் பேனா இந்த வரியின் மேலும் ஓடியிருக்கும். ஆனால் இது தொப்பிக்கும் 'சார்' என்ற விளிக்கும் விடை என்று அது காட்டாது.

அதனால் ஓரக்குறிப்பில் பெயரடைகளுக்குத் தடை போட்டுவிடுங்கள். நல்லவர், கெட்டவர், அப்பாவி எதுவும் முதல் சுற்றில் வேண்டாம். செயல், அப்போதைய சூழல், அதிலிருந்து ஊகிப்பது என்ற மூன்றையும் ஒரே வரியில் எழுதச் சொல்லுங்கள். 'தனியாக இருக்கும்போதும் சார் என்கிறார். பிப் கூச்சப்படுவது அவருக்குத் தெரிந்துவிட்டது. விலகி நிற்கும் முடிவை அவரே எடுக்கிறார்.' இந்தக் குறிப்போடு வகுப்பில் வாதாடலாம். 'நாகரிகம் தெரியாதவர்' என்பதோடு வாதாட ஒன்றுமில்லை.

முழு நாவலுக்கும் ஒரு மாந்தரைத் தொடர, நோட்டில் இரண்டு பக்கங்களை ஒதுக்கினால் போதும். அவர் செய்வது, சொல்வது, பிறர் அவரைப் பற்றிச் சொல்வது, கதைசொல்லி சொல்வது என்று நான்கு நெடுவரிசைகள். ஒவ்வொரு பதிவுக்கும் பக்க எண் கட்டாயம். 'பிறர் சொல்வது' மட்டும் நிரம்பி, 'செய்வது' காலியாக இருந்தால் மாணவர் வதந்தியை நம்பிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். கதை 'நான்' என்று சொல்லப்பட்டால் கதைசொல்லியின் நெடுவரிசையை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: அன்று நினைத்தது, இன்று சொல்வது. பிப்பைப் பொறுத்தவரை இந்தப் பிரிவு இல்லாமல் எதுவும் தேறாது.

நூலகப் புத்தகம் என்றால் அதில் பென்சில் வைக்கக் கூடாது. ஒட்டும் சீட்டையும் நாள்கணக்கில் விட்டால் பழைய தாளை உரித்துவிடும். நீளமாக வெட்டிய வெள்ளைத் தாளை அத்தியாயத்துக்கு ஒன்றாகச் செருகி, பக்க எண்ணையும் பத்தியின் வரிசையையும் எழுதிப் பக்கத்தில் குறியைப் போட்டால் வேலை நடந்துவிடும்.

குறிப்புகளைத் திருத்தும்போது எண்ணிக்கையைப் பார்த்து மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் மறுவாரமே பக்கங்கள் குறிகளால் நிரம்பிவிடும். ஒரு குறிப்பைக் காட்டி, "இதற்கு எதிரான சான்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்று கேளுங்கள். தேடி எடுக்க ஐந்து நிமிடம் கொடுங்கள். கிடைத்தால், பழைய குறிப்பை அழிக்காமல் அதன் கீழே 'ஆனால்' என்று தொடங்கி ஒரு வரி எழுதட்டும். கட்டுரை எழுத உட்காரும்போது அந்த 'ஆனால்' வரிகளிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.