ஆங்கிலத்தில் எத்தனை ‘சரி’கள்

கேட்டதற்குச் ‘சரி’ என்று சொல்வதற்கும் இறங்கிப்போவதற்கும் ஆங்கிலத்தில் பத்துக்கு மேற்பட்ட வினைச்சொற்கள் இருக்கின்றன. அகராதியில் ஒன்றுக்குப் பொருளாக இன்னொன்றைப் போட்டிருப்பார்கள். அதை நம்பி இடம் மாற்றிப் போட்டால் சொல்லவந்த விஷயமே மாறிவிடும்.

அக்ரீ (agree), கன்சென்ட் (consent) இரண்டையும் எடுத்துக்கொள்வோம். பூமி உருண்டை என்பதை நாம் அக்ரீ செய்யலாம், கன்சென்ட் செய்ய முடியாது. கன்சென்ட் என்பது கருத்துக்கு அல்ல, செயலுக்கு. அதுவும் ‘வேண்டாம்’ என்று தடுக்கும் உரிமை நம்மிடம் இருக்கிற செயலுக்கு. அறுவை சிகிச்சைதான் சிறந்த வழி என்று மருத்துவரோடு முழுமையாக அக்ரீ செய்துவிட்டு, ‘ஆனால் எனக்கு வேண்டாம்’ என்று கன்சென்டை ஒருவர் மறுக்கலாம். இதில் முரண்பாடு எதுவும் இல்லை.

அசென்ட் (assent) சற்று விசித்திரமான சொல். வேறொருவர் தயாரித்துக் கொண்டுவந்து வைத்த ஏற்பாட்டுக்குச் சொல்லும் ‘சரி’ இது. பிரிட்டனில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு மன்னர் தருவது அசென்ட்தான். கடைசியாக அது மறுக்கப்பட்டது 1708-இல். அமெரிக்காவில் மருத்துவ ஆய்வில் சேர்க்கப்படும் சிறுவர்களிடம் கேட்பதும் அசென்ட்தான். சட்டப்படி கன்சென்ட் தரும் வயது அவர்களுக்கு இல்லை என்பதால் பெற்றோர் அனுமதி தருகிறார்கள். ஆனால் பிள்ளை எதிர்ப்புச் சொல்லவில்லை என்பதை மட்டும் வைத்து அசென்ட் கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று விதி தெளிவாகச் சொல்கிறது.

அப்படியானால் மௌனம் சம்மதம் என்கிறோமே, அது? அதற்குத்தான் அக்வியெஸ் (acquiesce). லத்தீனில் இதன் வேர் ‘அமைதியாக இருத்தல்’. பிடிக்கிறதோ இல்லையோ, வாய் திறக்காமல் விட்டுவிடுவது. விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரெயா விகார் கோயில் வழக்கைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அன்று சயாம் என்ற பெயரில் இருந்த தாய்லாந்துக்கும், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த கம்போடியாவுக்கும் இடையே நீர்ப்பிரிமுகடுதான் (மழைநீர் இரண்டு பக்கமாகப் பிரிந்து ஓடும் மலை முகடு) எல்லை என்று 1904 ஒப்பந்தம் சொன்னது. பிரெஞ்சு அதிகாரிகள் வரைந்து 1908-இல் அனுப்பிய வரைபடமோ கோயிலைக் கம்போடியா பக்கம் காட்டியது. சயாம் ஆட்சேபிக்கவில்லை. உள்துறை அமைச்சராக இருந்த இளவரசர் தம்ரோங் நன்றி சொல்லி, இன்னும் பிரதிகள் வேண்டும் என்று கேட்டார். 1930-இல் அவர் கோயிலுக்குப் போனபோது பிரெஞ்சு அதிகாரி தங்கள் கொடியைப் பறக்கவிட்டே வரவேற்றார். அப்போதும் எதிர்ப்பு எழவில்லை. 1962-இல் சர்வதேச நீதிமன்றம் கோயிலைக் கம்போடியாவுக்குக் கொடுத்தது: பேச வேண்டிய இடத்தில், பேச முடிந்தும், பேசாமல் இருந்தது அக்வியெஸ்தான். நீர்ப்பிரிமுகடு உண்மையில் எங்கே ஓடுகிறது என்று ஆராய நீதிபதிகளுக்குத் தேவையே ஏற்படவில்லை.

கன்சீட் (concede) வேறு ரகம். இதில் விட்டுக்கொடுப்பது செயலை அல்ல, வாதத்தை. 2000-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தல் இரவில் அல் கோர் தொலைபேசியில் எதிர் வேட்பாளர் புஷ்ஷிடம் தோல்வியைக் கன்சீட் செய்தார். முடிவைத் தீர்மானிக்கவிருந்த புளோரிடா மாநிலத்தில் வாக்கு வித்தியாசம் சுருங்குகிறது என்று தெரிந்ததும் மறுபடி கூப்பிட்டு அதைத் திரும்பப் பெற்றார். புஷ் எரிச்சலடைந்திருக்கலாம், சட்டப்படி செய்ய ஒன்றுமில்லை. ‘நீ ஜெயித்தாய் என்று ஒப்புக்கொள்கிறேன்’ என்பதால் வாக்கு எண்ணிக்கை மாறிவிடாது.

கம்ப்ளை (comply) என்பது சொன்னபடி நடந்துகொள்வது; அதற்கு மனம் மாறவே வேண்டியதில்லை. உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950-களில் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லி நடத்திய சோதனைகளில், கூட இருந்தவர்கள் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னதும் பலர் அதையே தாங்களும் சொன்னார்கள். விடையைத் தனியாக எழுதித் தரலாம் என்றதும் அந்தத் தவறுகள் வெகுவாகக் குறைந்தன. பலருக்குக் கண்ணும் புத்தியும் சரியாகத்தான் இருந்தன, வாய் மட்டும் கம்ப்ளை செய்தது.

மீதியில் யாருடைய கை ஓங்கியிருக்கிறது என்று பார்த்தாலே போதும். சப்மிட் (submit) செய்பவர் கீழே இருப்பவர், அடங்கிப்போகிறவர். ரிலென்ட் (relent) செய்பவர் மேலே இருப்பவர், பிடிவாதம் தளர்கிறவர். அதனால் கைதி ரிலென்ட் செய்தார் என்று எழுதினால், சிறையையே அவர்தான் நடத்துகிறாரோ என்று படிப்பவருக்குச் சந்தேகம் வரும்.