பொட்டாசியத்தையும் அம்மோனியமாக எண்ணும் மின்முனை

மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் உருவானது தென்னமரம் எஸ்டேட்டில். அதை ஒட்டிய ஊர் பெஸ்தாரி ஜெயா. பெரியவர்களுக்கு இன்றும் பத்தாங் பெர்ஜுந்தைதான். பக்கத்தில் ஓடும் சிலாங்கூர் ஆறு கிள்ளான் பள்ளத்தாக்கின் பல வீடுகளுக்குக் குடிநீர். தோட்டத்துக் கால்வாயில் எவ்வளவு அம்மோனியா இருக்கிறது என்பது அதனால் ஊர்க்கதையோடு நின்றுவிடுவதில்லை. மலேசியச் சுகாதார அமைச்சின் வரம்பு, நைட்ரஜன் கணக்கில் (அதாவது அம்மோனியாவில் உள்ள நைட்ரஜனின் எடையை மட்டும் எண்ணி), லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்.

அதைச் சட்டென்று அளக்க உதவுவது அயனித்தேர்வு மின்முனை, அதாவது குறிப்பிட்ட ஓர் அயனியின் அளவை மின்னழுத்தமாகக் காட்டும் கருவி. அதன் நுனியில் மெல்லிய பிவிசி சவ்வு. சவ்வுக்குள் நோனாக்டின் என்ற பொருள். ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியா தயாரிக்கும் வளைய மூலக்கூறு இது. நீரில் அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியம் அயனியாகவே இருக்கும்; வளையத்தின் நடுவில் அது வசதியாக உட்காரும். சவ்வின் இருபுறமும் அயனிச் செறிவு வேறுபடும்போது மின்னழுத்தம் பிறக்கிறது. செறிவு பத்து மடங்கானால் 25 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 59 மில்லிவோல்ட் மாறும். நெர்ன்ஸ்ட் சமன்பாடு சொல்வது இதைத்தான்.

சிக்கல் பொட்டாசியம். அதன் அயனியும் கிட்டத்தட்ட அதே அளவு, அதே மின்னூட்டம். அம்மோனியத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு வலுவோடு அதுவும் வளையத்துக்குள் புகுந்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: லிட்டருக்கு 39 மில்லிகிராம் பொட்டாசியம் என்றால் ஒரு மில்லிமோல். மின்முனைக்கு அது 0.1 மில்லிமோல் அம்மோனியம், அதாவது நைட்ரஜன் கணக்கில் 1.4 மில்லிகிராம். துளி அம்மோனியா இல்லாத நீரும் கிட்டத்தட்ட வரம்பைத் தொட்டுவிடும்! செம்பனைக்குப் பொட்டாஷ் உரம் கட்டாயம். ஆலைக் கழிவுநீரிலோ பொட்டாசியம் ஏராளம். மில்லுக்குப் பக்கத்துக் கால்வாயில் காட்டும் எண்ணை நான் அப்படியே நம்ப மாட்டேன்.

மின்முனையின் ஜோடியான ஒப்பீட்டு மின்முனையும் (ஒப்பிட மாறாத மின்னழுத்தம் தருவது) காலை வாரும். அதற்குள் வழக்கமாக இருப்பது பொட்டாசியம் குளோரைடு. அது மெல்லக் கசிந்து மாதிரியில் கலக்கும். ஆகவே இரட்டைச் சந்தி (உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு அறை) உள்ளதைத் தேர்ந்து, வெளி அறையில் லித்தியம் அசிடேட் ஊற்ற வேண்டும். நிரப்பும் துளையை அளக்கும்போது திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் கரைசல் இறங்காமல் எண் அலைபாயும்.

அளவுத்திருத்தத்தில், அதாவது செறிவு தெரிந்த தரக்கரைசல்களை வைத்துக் கருவியைச் சரிபார்ப்பதில், பொறுமை வேண்டும். ஒரு மில்லிவோல்ட் பிசகினால் முடிவில் 4 சதவீதம் பிசகும். திரையில் இரண்டு தசமம் மின்னுவதைப் பார்த்து மயங்க வேண்டாம். எதிர்பார்க்கும் அளவு இரண்டு தரக்கரைசல்களுக்கு நடுவில் வர வேண்டும். நீர்த்ததிலிருந்து செறிந்ததுக்குப் போனால் முந்தையதன் மிச்சம் அடுத்ததைக் கெடுக்காது. மின்முனை உணர்வது அயனியின் செயல்திறனையே (சுற்றியுள்ள மற்ற அயனிகளின் பாதிப்புக்குப் பின் அது செயல்படும் அளவை) தவிர நேரடிச் செறிவை அல்ல. அதனால் அயனிவலிமையை, அதாவது கரைசலிலுள்ள எல்லா அயனிகளின் மொத்தத் தாக்கத்தை, சமப்படுத்தும் கரைசலைத் தரக்கரைசலிலும் மாதிரியிலும் ஒரே விகிதத்தில் சேர்ப்பார்கள். வெப்பநிலையும் முக்கியம்: ஐஸ் பெட்டியில் வந்த மாதிரியை அப்படியே அளக்காமல், தரக்கரைசல் இருக்கும் சூட்டுக்கு வரவிடுங்கள். சரிவு, அதாவது செறிவு பத்து மடங்காகும்போது வரும் மாற்றம், 54க்கும் 60 மில்லிவோல்ட்டுக்கும் இடையில் நின்றால் நல்லது. வரவரக் குறைந்தால், பதில் வர நேரமெடுத்தால், சவ்வு கிழடாகிவிட்டது. எத்தனை ஊறவைத்தாலும் மீளாது.

பராமரிப்பு எளிது. பயன்படுத்துமுன் நீர்த்த அம்மோனியக் கரைசலில் ஊறவைக்கலாம். சவ்வை விரலால் தொடவோ தேய்க்கவோ கூடாது. காய்ச்சி வடித்த நீரில் அலசி டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். நுனியில் குமிழி ஒட்டியிருந்தால் லேசாகத் தட்டினால் போதும்.

பொட்டாசியத் தொல்லைக்கு இரண்டு வழிகள். பொட்டாசிய மின்முனையாலும் அளந்து அதன் பங்கைக் கழிக்கலாம். அல்லது சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றிப் பிஎச்சை 11க்கு மேல் ஏற்றினால் அம்மோனியம் அம்மோனியா வாயுவாக மாறும். வாயுவை மட்டும் உள்ளே விடும் வாயு மின்முனையின் சவ்வை அது கடக்கும், பொட்டாசியத்தால் கடக்க முடியாது. கழித்தல் ஆற்று நீருக்குச் சரி. ஆலைக் குட்டை நீரில் பொட்டாசியம் அம்மோனியத்தையே மூழ்கடித்துவிடும் என்பதால் அங்கே வாயு மின்முனைதான் கைகொடுக்கும்.