புருவமயிர் பட்டால் புழு ஏன் பின்வாங்குகிறது?

மாங்குளத்திலிருந்து உயர்தர மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: “பிடுங்கிய கத்தரியின் வேரெல்லாம் முடிச்சு. நெமற்றோட்டுப் புழு என்றார் அப்பா. கண்ணும் காதும் இல்லாத அதற்குத் தன்னைத் தொடுவது தெரியுமா?”

கத்தரி வேருக்குள் இருப்பவரைவிட, அவருடைய உறவுக்காரர் சீனோராப்டிற்றிஸ் எலிகன்ஸைப் பற்றித்தான் நிறையக் கண்டறிந்திருக்கிறார்கள். பயிருக்குத் தீங்கு செய்யாத சாது. அழுகும் பழங்களில் பக்ரீரியா தின்று வாழ்வது. நீளம் 1 மில்லிமீற்றர். உடம்பு முழுவதற்கும் 302 நரம்புக்கலங்கள். மெல்லிய தொடுகைக்கென்று 6. தலைப்பக்கம் தொட்டால் பின்வாங்கும், வாலைத் தொட்டால் முன்னே ஓடும்.

மார்ட்டின் சால்ஃபியும் ஜோன் சல்ஸ்ரனும் பல்குத்தும் குச்சியின் நுனியில் ஒரு புருவமயிரை ஒட்டி, புழுக்களைத் தடவிப் பார்த்தார்கள். தடவியும் அசையாத விகாரப் புழுக்களைப் பொறுக்கி, எந்தப் பரம்பரையலகு பழுது என்று தேடினார்கள். 1981இல் வெளிவந்த அந்த வேலையிலிருந்து வளர்ந்ததுதான் ‘மெக்’ என்று பெயரிட்ட பரம்பரையலகுகளின் வரிசை.

அந்த வரிசையில் மெக்-4, மெக்-10 ஆக்கும் புரதங்கள் சேர்ந்து நரம்புக்கலத்தின் மென்சவ்வில் ஒரு கதவாகின்றன. இரணைமடுவின் வான்கதவை நினைத்துக்கொள்ளுங்கள். குளத்து நீருக்குப் பதில் கலத்துக்கு வெளியே செறிந்து நிற்கும் சோடியம் அயன்கள். மயிர் தோலை அமுக்கிய சில மில்லிசெக்கனில் கதவு திறக்கிறது, சோடியம் உள்ளே பாய்கிறது, நரம்பு விழித்துக்கொள்கிறது. எனக்குப் பிடித்த இடம் இனித்தான். அமுக்கியபடியே வைத்திருந்தால் கதவு மூடிக்கொள்ளும். மயிரை எடுத்தால், எடுத்த அந்தக் கணத்தில் மறுபடி திறக்கும்! புழுவுக்குச் செய்தி, தொடுகை அல்ல. தொடுகையில் வரும் மாற்றம். சட்டையை மாட்டும்போது உணர்ந்து, மறுநிமிடம் நாமும் மறந்துவிடுகிறோம் அல்லவா?

மெக்-4இல் குறித்த ஒரேயொரு அமினோ அமிலம் வேறொன்றாக மாறினாலே கதவு திறந்தபடி இறுகிப்போகும். அயன் வெள்ளத்தில் கலம் ஊதிப் பெருத்துச் செத்துவிடும்.

நம் தோலில் இருப்பது வேறு கதவு, பியேசோ-2. அதைக் கண்டறிந்த ஆடெம் பட்டபூட்டியனுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அப்படியானால் புழுவுக்குச் செலவழித்த காசு வீண்தானே என்று கணக்குப் பார்ப்பவர்கள் கேட்பார்கள். இதே தொடுகைக் கலங்களைத்தான் சால்ஃபி 1994இல் ஜெலிமீனின் பச்சைப் புரதத்தால் உயிரோடு ஒளிரவைத்தார். இன்று அந்தப் புரதம் இல்லாத உயிரியல் ஆய்வுகூடத்தைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். 2008 நோபல் பரிசில் அவருக்கும் பங்கு. பயனை முன்கூட்டியே எழுதித்தரச் சொன்னால் இப்படி ஒன்று ஒருநாளும் நடக்காது.

நான் படித்த பள்ளிக்கூடத்தில் நுணுக்குக்காட்டி பழுதாகிவிடும் என்று அலுமாரியில் பூட்டியே வைத்திருந்தார்கள். பரீட்சைக்கு அதன் படத்தைக் கீறிப் பெயர் குறித்தோம்.

தங்கச்சி, உங்கள் பள்ளிக்கூடத்தில் அந்தச் சாவி யாரிடம் என்று விசாரியுங்கள். வளவில் அழுகிக் கிடக்கும் பப்பாசிப்பழத்தில் கொஞ்சம் எடுத்து நீரில் ஊறவிட்டு, ஒரு துளியைப் பாருங்கள்; நூல்போல் நெளிபவை அகப்படலாம். பல்குத்தும் குச்சி கடையில் இருக்கிறது. மயிர் உங்களிடமே இருக்கிறது.