ட்ரெய்லரில் தூங்கும் குழந்தைக்குக் குளிருமா?

ஐரோப்பாவின் டான்யூப் நதியோரம் வாரக்கணக்கில் சைக்கிள் பயணம் போகவிருக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "ஒன்றரை வயது மகள், சைக்கிளுக்குப் பின்னால் இணைத்த சின்ன வண்டியில், அதாவது ட்ரெய்லரில் வருவாள். எங்களுக்கு வியர்த்துக் கொட்டும்போது அவளுக்கும் கதகதப்பாகத்தானே இருக்கும்?"

இருக்காது. மிதிப்பவரின் தசைகள் எரிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய கால்பங்குதான் பெடலுக்குப் போகிறது, மிச்சமெல்லாம் வெப்பம். பெடலில் 100 வாட் கொடுப்பவரின் உடம்பில் 300 வாட் அளவுக்கு வெப்பம் உண்டாகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அது கிடையாது. போதாக்குறைக்கு, உருவம் சிறுக்கச் சிறுக்க எடைக்குத் தோலின் பரப்பு அதிகம். வெப்பம் வேகமாக வெளியேறிவிடும்.

குளிரெடுத்தால் நாம் நடுங்குகிறோம். பிறந்த குழந்தைக்கு நடுக்கம் சரியாக வராது, வளர வளரத்தான் வரும். அதுவரை காப்பாற்றுவதும், அதற்குப் பிறகும் துணைக்கு நிற்பதும் பழுப்புக் கொழுப்பு. தோள்பட்டைகளுக்கு நடுவிலும், கழுத்திலும், சிறுநீரகங்களைச் சுற்றியும் இருக்கிறது. அதன் செல்களுக்குள், ஆற்றல் தயாரிக்கும் நுண்ணுறுப்புகளான மைட்டோகாண்ட்ரியாக்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன; பழுப்பு நிறம் அவற்றிலுள்ள இரும்பால் வருவது.

எனக்கு அலுக்கவே அலுக்காத விஷயம் அந்த மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நடப்பதுதான். சாதாரணமாக அது உணவை எரித்து, புரோட்டான்களை உள்சவ்வுக்கு வெளியே தள்ளுகிறது. அணையில் தேங்கிய நீர்போல அவை முட்டிக்கொண்டு நிற்கும். திரும்பி வரும் வழியில் ஒரு நொதி உண்மையாகவே டர்பைன்போலச் சுழன்று, செல்லின் வேலைகளுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபியைச் செய்யும். பழுப்புக் கொழுப்பிலோ அதே சவ்வில் இன்னொரு மதகு இருக்கிறது: தெர்மோஜெனின் என்ற புரதம். தோலில் குளிர் பட்டதும் மூளையிலிருந்து நரம்பு வழியே செய்தி வர, நோர்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. கொழுப்புத் துளிகள் உடைந்து கொழுப்பு அமிலங்கள் வெளிவருகின்றன. எரிபொருள் அவைதான், மதகைத் திறந்துவிடுவதும் அவையேதான்! புரோட்டான்கள் டர்பைனைத் தொடாமல் உள்ளே பாய்கின்றன; ஏடிபி உருவாகாமல் அத்தனை ஆற்றலும் வெப்பமாகிறது. இரத்தம் அதை உடம்பெங்கும் கொண்டுபோகிறது. ஒரு தசைகூட அசைந்திருக்காது.

மர்மோட் என்ற மலைவாழ் விலங்கில் இந்தத் திசுவை 1551-லேயே சுவிஸ் இயற்கையியலாளர் கான்ராட் கெஸ்னர் விவரித்துவிட்டார். பெரியவர்களிடமும் அது வேலை செய்கிறது என்று உறுதியானது 2009-இல். குளிர்காலம் முழுக்கத் தூங்கும் ஒரு பிராணியைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் பணம் எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

சரி, பயணத்துக்கு வருவோம். பழுப்புக் கொழுப்பின் கையிருப்பு கொஞ்சம்தான். அதை நம்பி மெல்லிய சட்டையோடு உட்காரவைக்கக் கூடாது. அதற்காகக் கம்பளிமேல் கம்பளி சுற்றுவதும் ஆபத்து. குளிர்காற்று பட்டாலே சளி பிடிக்கும் என்ற பயத்தில்தான் பலர் அப்படிச் சுற்றுகிறார்கள். சளிக்குக் காரணம் வைரஸ். பிளாஸ்டிக் திரை மூடிய ட்ரெய்லருக்குள் வெயில் புகுந்தால் வெப்பம் சட்டென்று ஏறும், சிறு குழந்தையால் வியர்த்துத் தணித்துக்கொள்ளவும் அவ்வளவாக முடியாது. மெல்லிய உடைகளை அடுக்கடுக்காகப் போடுங்கள், வெயில் வந்ததும் ஒவ்வொன்றாகக் கழற்றலாம்.

ஓட்டத்தில் எதுவும் தெரியாது. அடிக்கடி நிறுத்திப் பாருங்கள். குழந்தையின் கையைத் தொட்டு முடிவுகட்ட வேண்டாம். குளிரில் கைகால்களின் இரத்தக் குழாய்கள் சுருங்கும் என்பதால் உள்ளுக்குள் கதகதப்பாக இருந்தாலும் விரல் ஜில்லென்றுதான் இருக்கும். பிடரியில் சட்டைக்குள் இரண்டு விரல் விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் ஓர் உடை அதிகம். குளிர்ந்திருந்தால் ஒன்று கூட்டுங்கள், அப்புறம் கீழே இறக்கிக் கொஞ்சம் ஓடவிடுங்கள்.