ஸ்டாண்ட்-அப் காமெடி: தமிழில் சிரிப்புரை

மேடையில் தனியாக நின்று பேசிச் சிரிக்கவைக்கும் ஸ்டாண்ட்-அப் கலைஞரை 'நகைச்சுவை நடிகர்' என்று எழுதிவிடுகிறோம். அது சரியில்லை. நடிகர் வேறொருவராக மாறிப் பேசுகிறவர். இவரோ தன் பெயரிலேயே, எதிரில் இருப்பவர்களைப் பார்த்துப் பேசுகிறவர். உடன் நடிக்க ஆள் வேண்டாம், ஒரு மைக் போதும்.

ஆங்கிலத்தில் 'ஸ்டாண்ட்-அப்' என்றால் நிமிர்ந்து நிற்கிற என்று பொருள். மடங்காமல் நிற்கும் சட்டைக் காலரையும், நேருக்கு நேர் மோதும் சண்டையையும்கூட அப்படிச் சொல்வார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரிட்டனில் பாட்டும் வேடிக்கையும் நடக்கும் 'மியூசிக் ஹால்' மேடைகளில் தனியாக நின்று சிரிக்கவைத்தவர்களுக்கு இந்த அடைமொழி வந்தது. 'காமெடி' கிரேக்கச் சொல். களியாட்டத்தைக் குறிக்கும் 'கோமோஸ்', பாட்டைக் குறிக்கும் 'ஓடே' இரண்டும் சேர்ந்தது.

தமிழில் 'நகை' பழைய சொல். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நகை பிறக்கும் இடங்கள் நான்கைத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் சொல்கிறது. ஆனால் நகைச்சுவை என்பது சுவையின் பெயர்தான். அதை மேடையில் நிகழ்த்தும் கலைக்குத் தனிச்சொல் வேண்டும். 'நிற்கும் நகைச்சுவை' என்பது சொல்லுக்குச் சொல் மாற்றியது, பொருள் தராது. 'தனிநபர் நகைச்சுவை' என்றால் தனிநபர் கடன்தான் நினைவுக்கு வருகிறது. 'மேடைச் சிரிப்புரை' என்று ஒரு வழக்கு உண்டு. அதிலும் 'மேடை'யை விட்டுவிட்டு 'சிரிப்புரை' என்றாலே போதும் என்பேன். கலைஞர் சிரிப்புரையாளர். சொற்பொழிவாளர், விரிவுரையாளர் வரிசையில் இயல்பாக உட்கார்ந்துகொள்கிறது.

'உரை'க்குப் பேச்சு என்றும் பொருள், ஒரு நூலுக்கு எழுதும் விளக்கம் என்றும் பொருள். இரண்டும் பொருந்துகிற ஒருவர் டேவிட் ஸ்டெய்ன்பெர்க். 1942இல் கனடாவின் வின்னிபெக்கில் பிறந்து, இளமையில் யூத சமயக் கல்வி பயின்றவர். அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியில் மதபோதகர் தொனியில் பைபிள் கதைகளுக்கு உரை சொன்னார். பைபிளில் எரியும் புதரிலிருந்து கடவுள் மோசே என்ற தீர்க்கதரிசியிடம் பேசுவார். ஸ்டெய்ன்பெர்க் சொன்னதிலோ, 'செருப்பைக் கழற்று' என்று கடவுள் சொல்ல, கழற்றிய மோசே காலைச் சுட்டுக்கொள்கிறார். இதற்கு எதிர்ப்பு குவிந்தது. 1969இல் அந்த நிகழ்ச்சியையே சிபிஎஸ் நிறுத்தியதற்கு அவருடைய உரைகளும் ஒரு காரணம்.

பின்னாளில் அவர் சிட்காம் இயக்குநரானார். ஒரே மாந்தர்கள் ஒவ்வொரு பகுதியிலும் ஒரு சூழலில் சிக்கிச் சிரிக்கவைக்கும் தொலைக்காட்சித் தொடர்தான் சிட்காம். அதற்குச் 'சூழல் நகைச்சுவை' பொருத்தமான சொல். சைன்ஃபெல்ட், மேட் அபவுட் யூ தொடர்களில் அவர் இயக்கிய பகுதிகள் உண்டு. இவை பெரும்பாலும் அரங்கில் பார்வையாளரை வைத்துக்கொண்டு பல கேமராக்களில் எடுக்கப்படுபவை. அங்கே சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த வசனம் வந்தால் அது காதில் விழாது. அடங்கி வெகுநேரமானால் காட்சி தொய்ந்துவிடும். அந்த இடைவெளியை மேடையில் தனியாக நின்று பழகிய காது சட்டென்று பிடித்துவிடும். 'கர்ப் யுவர் எந்தூசியாசம்' தொடரிலும் பல பகுதிகளை இயக்கினார். அதில் எழுதிய வசனமே கிடையாது. கதைச்சுருக்கம் மட்டும் கையில் இருக்கும், நடிகர்கள் அந்த இடத்திலேயே பேச்சை உண்டாக்குவார்கள். சிகாகோவின் செகண்ட் சிட்டி நகைச்சுவை நாடகக் குழுவில் ஸ்டெய்ன்பெர்க் பழகியதும் இப்படி உடனுக்குடன் புனைந்து நடிக்கும் முறையைத்தான்.

இவரைப் பற்றி எழுதும்போது 'காமெடி நடிகராக இருந்து இயக்குநரானவர்' என்று எழுதாமல், 'சிரிப்புரையாளராகத் தொடங்கிச் சூழல் நகைச்சுவைத் தொடர்களை இயக்கியவர்' என்று எழுதுங்கள்.